கொல்கத்தாச் சந்துகளுக்கு உகந்த மிதிவண்டி எது?

2025 செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், லேக் மார்க்கெட் பகுதியில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தமிழ் வாடிக்கையாளர் ஒருவர் நம் கிளைக்கு வந்தார். பர்ரா பஜாரில் ஒரு மொத்த வணிகரிடம் கணக்கெழுதுபவர் அவர். வழியிலுள்ள சில்லறைக் கடைகளில் பாக்கி வசூலித்துக்கொண்டே செல்வதும் அவரது பணியில் அடக்கம். தமது ஐந்தாண்டு வைப்புநிதியை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். காரணம் வினவினோம். "சைக்கிள் வாங்கணும் சார். போன வருஷம் வாங்கினது போயிடுச்சு" என்றார்.

பதினான்கு மாதங்களுக்கு முன் 12,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி அது. பழுதுபார்ப்புக்கு மேலும் 3,400 ரூபாய் செலவாகியிருந்தது. ஆக மொத்தம் 15,400. பதினான்கு மாதங்களால் வகுத்தால் மாதம் 1,100 ரூபாய். மெட்ரோ ரயிலில் நாள்தோறும் சென்றுவந்திருந்தாலும் அதைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும்; ஆனால் மெட்ரோ ரயில் சந்துக்குள் நுழைந்து பாக்கி வசூலிக்க இடந்தராது.

அவரிடம் இரண்டு செய்திகளைச் சொன்னோம். முதலாவது, வைப்புநிதியை முறிக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே முடித்தால், பணம் வங்கியில் இருந்த காலத்திற்குரிய குறைந்த வட்டியே கிடைக்கும். அதிலும் சிறு விழுக்காடு பிடித்தம் செய்யப்படுவது வழக்கம். அதற்குப் பதிலாக வைப்பின்மீது கடன் பெறலாம். வைப்பு தன் வட்டியை ஈட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, பத்து நாள் பொறுக்க வேண்டும். மிதிவண்டிக்கும் அதன் உதிரிப் பாகங்களுக்கும் உரிய ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வரவிருந்தது. வரிக்கு முன் 20,000 ரூபாய் மதிப்புள்ள வண்டி 22,400-க்குப் பதிலாக 21,000 ரூபாய்க்குக் கிடைக்கும். 1,400 ரூபாய் என்பது இரண்டு நல்ல டயர்களுக்கு உதவும் தொகை.

அந்தப் பத்து நாள்களில், எந்த வண்டியை வாங்குவது என்பதை அவரும் நாமும் சேர்ந்து ஆராய்ந்தோம். அந்த ஆராய்ச்சியே இக்கட்டுரை.

சாலையைப் பார்த்த பின்பே வண்டியைப் பார்க்க வேண்டும்

கொல்கத்தாவில் மிதிவண்டிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2013-ஆம் ஆண்டில் மாநகரக் காவல்துறை 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதித்தது. பின்னர் அவ்வெண்ணிக்கை 62 முதன்மைச் சாலைகள் என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் பேருந்தும் ரயிலும் முடங்கியபோது மேலும் சில தளர்வுகள் வந்தன. தடையின் நன்மை தீமைகளை இங்கு விவாதிக்கப் போவதில்லை. தாம் செல்லும் வழியில் இன்று எந்தச் சாலையில் எந்நேரத்தில் அனுமதி உண்டு என்பதை வாசகர்கள் அந்தந்தப் பகுதிப் போக்குவரத்துக் காவலரிடம் கேட்டறிவது நல்லது. வண்டியைத் தேர்ந்தெடுப்பவருக்கு இதனால் விளைவது ஒன்றே: வழவழப்பான தார்ச்சாலை பெரும்பாலும் நமக்குரியதன்று. நம் வழி சந்துகளின் வழி.

நம் வாடிக்கையாளரின் பாதை ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர். அதில் தார் உண்டு. பெயர்ந்த தார் உண்டு. கல் பாவிய பழந்தெருக்கள், இரும்பு மூடிகள், குழாய் பதித்துவிட்டுச் செங்கல் தூளால் மூடிய பள்ளங்கள், மீன் சந்தைக்கருகில் எந்நேரமும் ஈரமான தரை என எல்லாம் உண்டு. போதாததற்கு டிராம் தண்டவாளம். 1873-இல் குதிரை இழுத்த டிராமும் 1902 முதல் மின்சார டிராமும் ஓடிய நகரம் இது. வண்டிகள் நின்றுபோன தெருக்கள் பலவற்றிலும் தண்டவாளம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. நம் கிளையின் கடைநிலை ஊழியர் ஒருவர் ஒரு மழை மாலையில் அத்தண்டவாளத்தில் முன்சக்கரம் சிக்கி விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் விடுப்பு. அவர் ஓட்டியது மெல்லிய டயர் கொண்ட பந்தய வகை வண்டி. அண்ணன் மகன் ஆசையாகக் கொடுத்தது.

பந்தய வகை வண்டி தார்ச்சாலைக்கு உரியது. அதன் டயர் 25, 28 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். மலைவண்டி எனப்படும் தடித்த டயர் வண்டி மண்ணுக்கும் கல்லுக்கும் உரியது. தார்ச்சாலையில் அது ஓட்டுபவரின் வலிமையை வீணடிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே ஹைபிரிட் மிதிவண்டி: நேரான ஹேண்டில்பார், நிமிர்ந்து அமரும் இருக்கை, பெரிய சக்கரம், நடுத்தர அகலமுள்ள டயர். பெயர்தான் புதிது. நம் தந்தையர் ஓட்டிய கறுப்பு வண்டியும் அந்நாளின் எல்லாச் சாலைகளுக்கும் பொதுவான வண்டிதானே? 1949-இல் தொடங்கிய நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸும், இங்கே அசன்சோலில் ராலே நிறுவனத்தின் கூட்டுறவோடு இயங்கிய சென் ராலே ஆலையும் அவ்வகை வண்டிகளையே செய்தன. அவை முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 ஆரக்கம்பிகள் கொண்டவை. மூட்டை அரிசியையும் தாங்கும். இருபது கிலோவுக்கு மேற்பட்ட எடையும், மழையில் நனைந்தால் பிடிக்காத கம்பி பிரேக்கும் அவற்றின் குறை.

டயர்

ஹைபிரிட் வண்டியில் முதலில் நோக்க வேண்டியது டயரே. நிறமோ கியர் எண்ணிக்கையோ அன்று. கொல்கத்தாச் சந்துகளுக்கு 38 முதல் 42 மில்லிமீட்டர் அகலம் உகந்தது என்பது நம் கருத்து. 28 மில்லிமீட்டர் டயர் டிராம் தண்டவாளப் பள்ளத்தில் இறங்கிவிடக்கூடும். 40 மில்லிமீட்டர் டயர் அவ்வளவு எளிதில் இறங்காது. ஆயினும் அகலமான டயர் மட்டுமே காப்பாற்றிவிடாது. ஈரமான இரும்பில் எந்த ரப்பரும் வழுக்கும். தண்டவாளத்தைக் கூடிய மட்டும் செங்குத்தாகக் கடக்க வேண்டும். கடக்கும் பொழுது பிரேக் பிடிப்பதோ ஹேண்டிலைத் திருப்புவதோ கூடாது.

அகலமான டயரில் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்து வைக்கலாம். அதுவே கல் தெருவின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். எவ்வளவு அழுத்தம் வரை செல்லலாம் என்பது டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எல்லைக்குள், உடல் எடைக்கும் சுமைக்கும் ஏற்ப வைத்துக்கொள்ள வேண்டும். மிகக் குறைத்தால் பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் தரைக்கும் இடையே டியூப் நசுங்கி இரு துளைகள் விழும்.

டயரின் அளவைப் படிக்கத் தெரிந்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தும். '40-622' என்று பொறித்திருந்தால், டயரின் அகலம் 40, ரிம்மில் அது அமரும் விட்டம் 622 மில்லிமீட்டர் என்று பொருள். '700 சி' என்று சொல்லப்படுவதும் இதே 622 தான். சிலர் இதை '28 அங்குலம்' என்றும் கூறுவர். இங்கேதான் குழப்பம். பழைய கறுப்பு வண்டியின் 28 அங்குலச் சக்கரத்தின் ரிம் 635 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றதற்குப் பொருந்தாது. அவசரத்தில் தெருமுனைக் கடையில் '28 டயர்' என்று மட்டும் கேட்டு வாங்கி வந்து, பொருத்த முடியாமல் திருப்பிக் கொடுக்க அலைந்தவர் நம் வாடிக்கையாளர்.

வால்வும் அவ்வாறே. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குத் தெருவோரப் பம்பு பொருந்தாது. சிறு இணைப்பான் வேண்டும். மோட்டார் வண்டிகளுக்குரிய ஷ்ரேடர் வால்வு கொண்ட டியூபுக்கு எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் காற்று அடிக்கலாம். நாள்தோறும் வேலைக்குச் செல்பவருக்கு இதுவே மேல்.

முதல் வண்டி ஏன் வீணாயிற்று?

பழைய வண்டியை அவர் கிளைக்கே கொண்டுவந்து காட்டினார். காவலாளி முதல் மேலாளர் வரை அனைவரும் சுற்றி நின்று பார்த்தோம். மூன்று பழுதுகள் தெரிந்தன.

முதற்பழுது பின்சக்கர அச்சில். இரண்டு முறை வளைந்து, மூன்றாம் முறை முறிந்திருந்தது. சாலையே காரணம் என்று அவர் எண்ணியிருந்தார். பாதி உண்மை. மீதிப் பாதி ஹப்பின் அமைப்பில் உள்ளது. மலிவான பல்பற்சக்கர வண்டிகளில் ஃப்ரீவீல் என்னும் பல்லடுக்கு ஹப்பின்மீது திருகி ஏற்றப்படும். அதனால் வலப்புறத்துப் பேரிங் அப்பல்லடுக்குக்கு உட்புறமாகத் தள்ளி அமைகிறது. அதற்கு அப்பால் ஃபிரேம் வரையுள்ள நீண்ட அச்சுப்பகுதிக்குத் தாங்கல் இல்லை. பள்ளத்தில் விழும் ஒவ்வோர் அடியும் அவ்விடத்தில்தான் இறங்கும். கேசட் என்னும் மற்றொரு முறையில் பேரிங் அச்சின் நுனிக்கருகில் அமைவதால் அச்சு வளைவது அரிது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே கடையில் "இது ஃப்ரீவீலா, கேசட்டா?" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே கடைக்காரரின் பேச்சு மாறிவிடுவதைக் கண்டோம்.

இரண்டாம் பழுது முன்புறத்து ஸ்பிரிங் ஃபோர்க்கில். இரண்டு மழைக்காலத்துச் சேறு உட்புகுந்து, துருப்பிடித்து, அது அசைவற்றுப் போயிருந்தது. மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் வண்டிக்கு இரண்டு கிலோ வரை எடை கூட்டுகிறது. முன்பிரேக் பிடித்தால் மூக்குக் குத்துகிறது. பிரித்துத் துடைக்க எளிதாக இல்லை. ஆயினும் கடைகளில் பலரும் அதை அழுத்திப் பார்த்தே வண்டி வாங்குகிறார்கள்! ஸ்பிரிங் இல்லாத இரும்பு ஃபோர்க்கும் 40 மில்லிமீட்டர் டயரும் சேர்ந்தால் சந்துகளுக்கு அது போதும். இதில் நாம் ஐயமின்றி ஒரு பக்கம் சாய்கிறோம்.

மூன்றாவது, ரிம் ஓரங்கள் குழிந்து தேய்ந்திருந்தன. ரிம்மைப் பற்றும் பிரேக்கில் மழைக்காலச் சேற்று மணல் உப்புத்தாள் போல் உராயும். நனைந்த ரிம்மில் கட்டை உடனே பிடிக்காது என்பதும் தெரிந்ததே. டிஸ்க் பிரேக் ஹப்பை ஒட்டி, தேங்கிய நீருக்கு மேலே இருப்பதால் இவ்விரு குறையும் அதில் குறைவு. டிஸ்க்கிலும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது, கம்பியால் இயங்குவது என இரு வகை உண்டு. முன்னதன் பிடிப்பு மென்மையானது. ஆனால் எண்ணெய் மாற்றவும் காற்று நீக்கவும் பயின்ற கைகள் தேவை. கம்பி டிஸ்க்கைத் தெருமுனைப் பழுதுபார்ப்பவரே சரிசெய்வார். மேற்கு வங்க அரசு 2015-இல் தொடங்கிய 'சபுஜ் சாத்தி' திட்டத்தின் வழியாக ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட மிதிவண்டிகள் வழங்கப்பட்டுள்ளன. ஆகவே பழுதுபார்ப்பவருக்கு இம்மாநிலத்தில் குறைவில்லை. ஆனால் அவர்கள் கைபழகியது எளிய பாகங்களில். அவர்களால் திறக்க முடியாத பாகம் நம் வண்டியில் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கியர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொல்கத்தா கடல் மட்டத்திலிருந்து பத்து மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் அமைந்த சமவெளி. மேம்பாலங்களைத் தவிர ஏற்றமே இல்லை. '21 கியர்' என்பது விளம்பரத்திற்கு அழகு; முன்னால் ஒற்றைப் பற்சக்கரம், பின்னால் ஏழெட்டு இருந்தால் வாழ்நாளுக்கும் போதும்.

ஃபிரேமும் உடலளவும்

ஃபிரேம் அலுமினியமா, இரும்பா என்பது பலர் கேட்கும் கேள்வி. இந்நகரின் ஈரக்காற்றில் இரும்புக் குழாய் உட்புறமாகத் துருப்பிடிக்கும். ஆனால் விரிசல் கண்டால் எந்தப் பற்றவைப்பாளரும் சரிசெய்துவிடுவார். அலுமினியம் துருப்பிடிக்காது, விரிசல் கண்டால் பெரும்பாலும் கழிக்க வேண்டியதுதான். வீட்டில் மாடிப்படியேற்றி வைப்பவர் அலுமினியத்தைக் கொள்க. தெருவிலேயே நிறுத்திப் பாரமும் ஏற்றுபவர் குரோமோலி எஃகைக் கொள்க. எதுவாயினும் மட்கார்டும் கேரியரும் மாட்டுவதற்கான திருகுத்துளைகள் ஃபிரேமில் இருக்கின்றனவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பகட்டான வண்டிகள் பலவற்றில் அவை இரா. மட்கார்டு இல்லாத வண்டியில் ஆடி மாதம் அலுவலகம் சென்று பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. சட்டையின் முதுகே சாட்சி.

உடலளவு ஃபிரேமின் உலோகத்தைவிட முக்கியமானது. இரு கால்களையும் தரையில் ஊன்றி நின்றால் மேற்குழாய்க்கும் உடலுக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். இருக்கையில் அமர்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பின்பு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கும். அதுவே சரியான உயரம். பெண்கள் வளைந்த ஃபிரேமைத்தான் வாங்க வேண்டும் என்ற எண்ணமும் தேவையற்றது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் முன்னின்று நடத்திய அறிவொளி இயக்கத்தில் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி பழகினர். பெண்களுக்கான வண்டி போதுமான அளவு கிடைக்காதபோது அவர்கள் ஆண்களுக்கான வண்டியையே வாங்கினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதியாயிற்று. அவ்வண்டிகளை வாங்க வங்கிகள் கடன் வழங்கின என்பதை இவ்விதழில் நினைவுகூர்வதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு.

பெண்டிங்க் தெருவில் ஒரு சனிக்கிழமை

செப்டம்பர் 22-ஆம் நாள் வரி குறைந்தது. அடுத்த நாளே நகரம் மூழ்கியது. 24 மணி நேரத்திற்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து உயிரிழப்புகளும் நேர்ந்தன. அன்று மிதிவண்டியோடு வெளியே கிளம்பாதிருந்ததே அறிவு. தரை தெரியாத நீரில் எவ்வளவு நல்ல வண்டியையும் இறக்கலாகாது.

27-ஆம் தேதி நான்காம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. நகரில் மிதிவண்டிக் கடைகள் வரிசையாக அமைந்த பெண்டிங்க் தெருவுக்கு இருவரும் சென்றோம். துர்கா பூஜைக் கூட்டத்தில் நடக்கவே இடமில்லை. நான்கு கடைகள் ஏறி இறங்கினோம். இறுதியில் தேர்ந்தது: அலுமினிய ஃபிரேம், ஸ்பிரிங் இல்லாத இரும்பு ஃபோர்க், 40-622 டயர், இரட்டைச் சுவர் ரிம், சக்கரத்துக்கு 36 ஆரக்கம்பி, எட்டடுக்குக் கேசட், கம்பி டிஸ்க் பிரேக். விலை வரியுடன் 21,000 ரூபாய்.

"வட்டியில்லாத் தவணை உண்டு, மாதம் 3,500, ஆறே தவணை" என்றார் கடைக்காரர். "ரொக்கமாகத் தந்தால்?" என்று கேட்டோம். 19,500 என்றார். அப்படியானால் அந்த 1,500 ரூபாய் வட்டியன்றி வேறென்ன? ஆறே மாதத்தில், அதுவும் மாதந்தோறும் குறைந்துவரும் நிலுவைக்கு 1,500 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 26 விழுக்காடு ஆகிறது. பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளை எச்சரித்திருக்கிறது. வைப்பின்மீது பெற்ற கடனைக் கொண்டு ரொக்கமாகவே வாங்கினோம். ரசீதில் ஃபிரேமின் அடியில் பொறித்த எண்ணை எழுதச் சொன்னோம். வண்டி களவு போனால் காவல் நிலையத்தில் நம் பொருள் என்று காட்ட அதுவே ஆதாரம்.

இந்த வண்டி ஏழாண்டு உழைக்கும் என்றும், ஆண்டுக்கு 2,000 ரூபாய் பராமரிப்பு ஆகும் என்றும் கொள்வோம். பட்டியல் விலையான 21,000-த்தையே எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 35,000. எண்பத்து நான்கு மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 417 ரூபாய். பழைய வண்டிக்கு 1,100.

ஆனால் அந்த ஏழாண்டும் தாமாக வந்துவிடா. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சங்கிலியைத் துடைத்து எண்ணெயிட வேண்டும். துடைக்காமல் எண்ணெய் மட்டும் விடுவது சேற்றைக் குழைத்துப் பூசுவதற்கு ஒப்பாகும். மாதம் ஒருமுறை பிரேக் கட்டையின் கனத்தைப் பார்க்க வேண்டும். மழை ஓய்ந்ததும், இங்கே காளி பூஜையை ஒட்டி, இரு ஹப்புகளையும் பெடல் அச்சையும் திறந்து பழைய கிரீஸை வழித்துப் புதிது இட வேண்டும். அத்துடன் இருக்கைக் கம்பியை உருவி எடுத்து, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சிறிது நேரம் வைக்க வேண்டும். நம் வாடிக்கையாளர் தீபாவளி முடிந்த ஞாயிறன்று அப்படிச் செய்தபோது, வாங்கி ஒரு மாதமே ஆன வண்டியின் குழாயிலிருந்து அரைக் குவளைத் தண்ணீர் வெளியே வந்ததாம். திங்கட்கிழமை கடன் தவணை கட்ட வந்தவர் பணத்தை எண்ணுவதற்கு முன் அதைத்தான் நம்மிடம் சொன்னார்.